கசிமிரோவின் குளவிகள்

மாயோ ஆற்றங்கரையில் நோல்பெர்த்தா அக்காவைப் போல அலுத்துப்போன பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. புருஷன் போன பிறகு கொக்கோ தோட்டம் முழுக்க அவள் தலையில். விரல் நீளம் காய் விட்டதும் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் பை மாட்டுவாள். மாட்டாவிட்டால் புழு துளைத்துக்கொண்டு போய் உள்ளே விதையைத் தின்றுவிடும். காய் வெளியே பளபளவென்றுதான் இருக்கும். உடைத்தால் வெறும் குப்பை.

எங்கள் பக்கம் அறுவடைக்கு மாற்றாள் வேலைதான். இன்று உன் தோட்டம், நாளை என் தோட்டம். விதையை எடுத்து முடித்ததும் மரவள்ளிக் கள் வந்துவிடும், எல்லோரும் உட்கார்ந்துவிடுவோம். விதை எடுத்த காய் ஓடுகளைக் குழி வெட்டிப் புதைப்பது தோட்டத்துச் சொந்தக்காரர் பாடு. அக்கா புதைப்பாள். பக்கத்துத் தோட்டத்துக் கசிமிரோ மரத்தடியிலேயே குவித்துவிடுவான். குவியலைச் சுற்றிக் குளவிகள் திரியும்.

"அதுங்கதான் என் காவக்காரங்க. புழுவப் புடிச்சுத் திங்கும்" என்று பீற்றிக்கொள்வான்.

அந்த வருஷம் பை மாட்டியும் அக்காவுக்குப் பாதிக் காய் போயிற்று. இன்னொரு முறை இப்படிப் போனால் தோட்டத்தை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் பாத்திரம் கழுவப் போக வேண்டியதுதான் என்றாள்.

கசிமிரோவின் குவியலிலிருந்து புழு வைத்த ஓடுகளைக் கொண்டுவந்து வாளியில் போட்டுக் கொசுவலை கட்டினாள். சில வாரத்தில் உள்ளே கண்ணாடிச் சிறகோடு குளவி மாதிரி ஒன்று பறந்தது. நானும் அக்காவும் வாளியோடு கசிமிரோவிடம் போனோம்.

"பாரு தம்பி, ஓட்டுல இருந்த புழுதான் இப்படி வந்திருக்கு. இது குளவியில்ல, அந்துப்பூச்சி. இதுதான் என் காயில முட்ட வெக்குது."

கசிமிரோ குனிந்து பார்த்தான். "குளவிதான்க்கா. புழுவத் தின்னுட்டு நிக்குது. நான் சொன்னேன்ல?"

நான் நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள். "விடு தங்கச்சி. பேசக்கூடத் தெம்பில்ல."

மறுநாள் காலையில் அந்த ஓட்டுக் குவியலைப் புதைக்க மண்வெட்டியோடு அவன் தோட்டத்திலேயே இறங்கிவிட்டாள். கசிமிரோ தடுக்கவில்லை, ஒரு கை கொடுக்கவும் இல்லை. கள்ளுக் குவளையோடு நின்று வேடிக்கை பார்த்தான்.

"பாத்துக்கா! குளவி கொட்டிடப் போவுது!"

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் கையைச் சுற்றிப் பூச்சிகள் பறந்தன.

"கொட்டட்டும்டா. ஒன்னே ஒன்னு கொட்டுனாக்கூட, நீ சொன்னதுதான் நெசம்னு மம்பட்டியப் போட்டுட்டுப் போய்ப் படுத்துக்குவேன்."

சாயங்காலம் வரை வெட்டினாள். ஒன்றுகூடக் கொட்டவில்லை.