விருந்தாளிக்கு வரி கிடையாது

ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறவள் நான். மக்கள் தொகை, இடப்பெயர்வு, குடியிருப்பு என்று அதில் ஒரு பாடம் வரும். அதற்கு மட்டும் நான் புத்தகத்தைத் திறப்பதே இல்லை, அவ்வளவு மனப்பாடம். நான் படித்த காலத்தில் அந்தப் பாடத்தில் ஐந்துக்கு ஐந்து வாங்கியவள். வாங்கிய லட்சணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

புதூர்ப் பக்கம், மானாவாரிக் காடுகளுக்கு நடுவே எங்கள் ஊர். மழை பெய்தால் உளுந்து, பாசி. பெய்யாவிட்டால் பம்பாய், திருப்பூர். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு எங்கள் ஊரிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போனவர்கள் இரண்டே பேர், நானும் முத்துச்செல்வியும். அவளுடைய அப்பாவுக்குக் கரிமூட்டம் போடுகிற வேலை. சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி மூடி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குவார். கமுதிப் பக்கத்திலிருந்து வந்து, கண்மாய்க்கரையில் தகரக் கொட்டகை போட்டு நாலு வருஷமாக இருந்தார்கள். ஓரிடத்தில் மரம் தீர்ந்தால் இன்னோர் இடம் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். எங்கள் பள்ளிக்கூடம் அவளுக்கு ஐந்தாவது பள்ளிக்கூடம்.

ஆனால் அந்த வருஷம் அவளுடைய அப்பா வேறு மாதிரி யோசித்திருந்தார். எங்கள் பக்கம் கல்யாணமான ஆண்பிள்ளை ஒருவர் ஒரு தலைக்கட்டு. பங்குனிப் பொங்கலுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கோயில் வரி போடுவார்கள். வரி கொடுத்தவர் ஊர்க்காரர். ஊர்க் கூட்டத்தில் பேசலாம், வீட்டு மனை கேட்கலாம், செத்தால் சுடுகாட்டில் இடம் உண்டு. அந்த வரியைத் தானும் கொடுக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார்.

"ஊர்ல வரி வாங்கிட்டாவன்னா இங்கனயே வீடு கட்டிருவோம்னு எங்கப்பா சொல்லுதாவ. பத்தாவது இங்கனயே முடிச்சிருவேன். இல்லன்னா அடுத்த மூட்டம் எங்கனயோ அங்கனதான்" என்றாள் முத்துச்செல்வி.

வரி நோட்டு என் பெரியப்பாவிடம் இருந்தது. "அதுக்கென்ன, பெரியப்பாகிட்ட நான் சொல்லுதேன்" என்று அடித்துவிட்டேன். பெரியப்பா முன்னால் எனக்கு மூச்சே வராது. அதை அவளிடம் சொல்வானேன்!

அந்தச் சமயத்தில்தான் இந்தப் பாடம் வந்தது. அவரவர் ஊரைச் சார்ட்டில் வரைந்து, வீட்டுக்கு வீடு எத்தனை பேர், எங்கிருந்து வந்தார்கள், எங்கே போனார்கள் என்று குறித்துக்கொண்டு வரச் சொன்னார் டீச்சர். வெயிலில் தெருத் தெருவாக அலைய எனக்கென்ன பைத்தியமா? பெரியப்பாவின் வரி நோட்டில்தான் ஊரே இருக்கிறதே. அலமாரியிலிருந்து அதை எடுத்து, வரிசையாகப் பார்த்து எழுதினேன். திருப்பூர்ச் சித்தப்பா வாங்கி அனுப்பிய பன்னிரண்டு கலர் ஸ்கெட்ச் பேனாக்களை முத்துச்செல்வியிடம் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னேன். கோயில், தெரு, கண்மாய் எல்லாம் பொறுமையாகத் தீட்டினாள். கண்மாய்க்கரையில் ஒரு வீடும் இல்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

டீச்சர் சார்ட்டைப் பார்த்தார். கூட்டிப் பார்த்தார். அவர் கோவில்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். எங்கள் ஊருக்குச் சாலை பிரிகிற விலக்கில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்.

"ஏட்டி, ஒங்க ஊர்ல இத்தன சனமா? அப்புறம் நான் ஏன் தெனமும் அந்த விலக்குல ஒத்தையில நிக்குதேன்?"

வகுப்பே சிரித்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இருபது வருஷமாக பம்பாயில் இருக்கிறவர்களும் நோட்டில் தலைக்கட்டுதான். அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்யாணமானால் அவர்களும் தலைக்கட்டு. நான் வரைந்திருந்த ஊரில் பாதிக்குமேல் தாராவியில் இருந்தது.

"நேத்து ராத்திரி யாரு அங்கன சாப்பிட்டுப் படுத்தாவளோ, அவியதான் ஊர்ல இருக்கிற ஆளு. பூட்டை எல்லாம் எண்ணிக்கிட்டு வராத" என்றார் டீச்சர்.

அலையாமல் தப்பியவள் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். முத்துச்செல்விதான் கதவைத் தட்டுவாள், நான் எழுதுவேன். சில வீடுகளில் வாசலில் கோலம் இருக்கும், கதவில் பூட்டு இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி தன் வாசலோடு சேர்த்து அங்கேயும் ஒரு கோலம் இழுத்துவிடுவது வழக்கம். "அவிய எங்கன போயிட்டாவ, பொங்கலுக்கு வந்துருவாவல்லா, எழுதிக்கோ" என்பாள். எழுதாவிட்டால் கோபம் வேறு.

புதுச் சார்ட்டில் ஊர் பாதியாக இளைத்துவிட்டது. எல்லாம் முடிந்தபின் முத்துச்செல்வி கண்மாய்க்கரையில் பென்சிலால் சின்னதாக ஒரு வீடு போட்டாள். ஐந்து பேர் என்று எழுதினாள்.

"ஸ்கெட்ச்ல போடட்டுமா?"

"போடு ட்டி, நீங்கதான் தெனமும் அங்கன படுக்கியளே" என்றேன், ஊரையே பட்டா போட்டுக் கொடுக்கிற தோரணையில். நீலத்தில் போட்டாள். போட்டுவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அந்தச் சார்ட்டை வகுப்புச் சுவரில் மாட்டினார்.

மாசிக் கடைசியில் பெரியப்பா வரி எழுத உட்கார்ந்தார். நான் அங்கேதான் வீட்டுப்பாடம் எழுதுகிற சாக்கில் இருந்தேன். பெரியப்பா போனில் பம்பாய்க்காரர் ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆள் நாலு வருஷமாக வரி தரவில்லை. "ஏலே, பொறந்த ஊரு வேண்டாமா ஒனக்கு? ஒன் பேரை எப்படிலே அடிக்கச் சொல்லுத?" என்று கெஞ்சலும் அதட்டலுமாகக் கத்தினார்.

அப்போது முத்துச்செல்வியின் அப்பா வந்தார். வெளுத்த வேட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் மடித்த ரூபாய் நோட்டுகள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். நகக்கண்ணில் மட்டும் கரி போகவில்லை. பெரியப்பாவிடம் சொல்வதாக அடித்துவிட்டிருந்த நான் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

பெரியப்பா எழுந்தே விட்டார். நாற்காலி போட்டார், பெரியம்மாவிடம் காபி கொண்டுவரச் சொன்னார். தட்டில் இருந்த வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு பணத்தை அவர் பக்கமே தள்ளினார்.

"நீங்க நம்ம ஊருக்கு வந்திருக்கிற விருந்தாளி அண்ணாச்சி. விருந்தாளிகிட்ட வரி வாங்குனா ஊருக்குத்தான அசிங்கம்? குடும்பத்தோட வாங்க, சாமி கும்பிடுங்க, வயிறாரச் சாப்பிட்டுப் போங்க."

முத்துச்செல்வியின் அப்பா காபியை மெதுவாகக் குடித்தார். "சரிங்க அண்ணாச்சி" என்றார். பணத்தை மடியில் கட்டிக்கொண்டு போனார்.

எனக்கா, தலைகால் புரியவில்லை! பம்பாய்க்காரனிடம் சண்டை போட்டுப் பிடுங்குகிறார், இவர்களிடம் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார். எங்கள் பெரியப்பாவுக்கு இப்படி ஒரு தாராள மனசா! நான் செருப்பை மாட்டுவதைப் பெரியம்மா பார்த்துவிட்டாள். "ஏட்டி, இதைப் போயி அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிக்கிட்டு நிக்காத" என்றாள். வெளியே தெரிந்தால் எல்லோரும் வரி வேண்டாம் என்பார்களே, அதற்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கண்மாய்க்கரைக்கு ஒரே ஓட்டம்.

"ஏட்டி, ஒங்களுக்கு வரியே கெடையாதாம்! ஒரு பைசா வேண்டாம்னுட்டாவ எங்க பெரியப்பா!"

முத்துச்செல்வி பானை விளக்கிக்கொண்டிருந்தாள். "வாங்கவே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். "விருந்தாளின்னு சொல்லிட்டாவ" என்றேன் பெருமையாக. அவள் கையைக் கழுவிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். என் ஸ்கெட்ச் பேனாப் பாக்கெட்டை எடுத்துவந்து பாவாடையில் துடைத்துக் கொடுத்தாள். பரீட்சை வரைக்கும் வைத்துக்கொள் என்று நான்தான் கொடுத்திருந்தேன். இப்போது என்ன அவசரம் என்று கேட்டதற்கு, "இல்ல, நீ வச்சுக்கோ" என்றாள். பன்னிரண்டும் இருக்கிறதா என்று அவள் முன்னாலேயே எண்ணிப் பார்த்தேன். இருந்தன. குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பங்குனிப் பொங்கலுக்கு முன்பே அவர்கள் போய்விட்டார்கள். மரம் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். கண்மாய்க்கரையில் கண்ணுக்கெட்டிய மட்டும் கருவேலம் அப்படியே நின்றது. வகுப்புச் சுவரில் அவளுடைய நீல வீடும் அப்படியே இருந்தது.

முழுப்பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. மக்கள் ஓர் இடத்தை விட்டுப் போவதற்கான காரணங்கள் ஐந்து எழுதுக. வறட்சி, வேலையின்மை, வறுமை, போர், இயற்கைச் சீற்றம் என்று மடமடவென்று எழுதினேன். ஒவ்வொன்றின் கீழும் அவள் திருப்பித் தந்த நீல ஸ்கெட்சால் அழகாகக் கோடு போட்டேன். டீச்சர் ஐந்துக்கு ஐந்து போட்டு, பக்கத்தில் 'நன்று' என்றும் எழுதியிருந்தார். வரியை வாங்காமல் பெரியப்பா கொடுத்த காபியை ஆறாவதாகச் சேர்த்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்தச் செய்தியைச் சந்தோஷமாகக் கொண்டுபோய் அவளிடம் சேர்த்தவள் நான்தான் என்பதும் தெரியாது.