சலவைக்கூடத்துப் படமும் பெரியம்மாவின் நீலத் தாளும்

நான் இப்போது வேலை செய்யும் கொழும்பு அலுவலகத்துக்கு வருடத்தில் ஒருமுறை ஒரு பயிற்சியாளர் வருவார். வேலைகளை எப்படிப் பிரிப்பது, எதைக் கையில் எடுப்பது, எதை விடுவது என்று திரையில் கட்டம் கட்டமாகக் காட்டுவார். மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள். அந்தக் கட்டங்களைக் கண்டதும் எனக்குப் புதுத்துணியின் கஞ்சி மணமும் மார்கழி மழையின் ஈரமும்தான் மூக்கில் ஏறும். இந்தப் பாடம் மானிப்பாயில், எங்கள் வீட்டு முன்னறையில், என் பத்தாவது வயதிலேயே நடந்து முடிந்துவிட்டது. படித்தது அம்மா. படிப்பித்தது ஒரு படம்.

அம்மா பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பவர். வருட முடிவில் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு வெள்ளைத் துணி கொடுத்ததும், தாய்மார் அதை அப்படியே மடித்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அம்மா அளவெடுத்து வெட்டுவார். பக்கத்து ஒழுங்கையிலிருந்து வரும் இரண்டு அக்காமார் மெசினில் தைப்பார்கள். தெறி தைப்பது பெரியம்மாவின் வேலை. பொத்தானுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அம்மாவின் ஒரே தமக்கையான பெரியம்மா, யாழ்ப்பாண நகரத்துக் கடலோரமான கொழும்புத்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, யன்னலோரக் கதிரையில் இருந்து தெறியும் தெறித்துளையும் கையாலேயே தைப்பார். அதிகம் கதைக்க மாட்டார்.

அதற்கு முந்திய வருடம் எங்கள் வீட்டில் ஒரு அவமானம் நடந்திருந்தது. ஒரு பிள்ளையின் துணி குவியலுக்குள் எங்கோ மறைந்துபோய், பள்ளிக்கூடம் தொடங்கிய நாளில் அந்தப் பிள்ளை பழைய சட்டையோடு போனாள். தாய் சண்டை பிடிக்கவில்லை. பிறகு கண்டெடுத்த துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அது அம்மாவுக்குச் சண்டையைவிட அதிகமாக வலித்தது. இந்த வருடமும் அப்படி நடந்தால் சனங்கள் தெருமுனையில் புதிதாகத் திறந்திருக்கும் தையற்கடைக்குப் போய்விடுவார்கள் என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்.

படத்தைக் கொண்டுவந்தவர் மாமா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டபின், மடிக்கணினியைத் தையல் மேசையில் வைத்தார். வெளியே மழை நின்று பெய்தது. ஏதோ ஒரு குளிர்தேசத்துப் படம்; இந்தியத் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். வாய் ஒருபக்கம் அசைய வார்த்தை ஒருபக்கம் வந்தது. கடலோரத்தில் ஒரு பெரிய விடுதி. அதன் அடித்தளத்தில் ஒரு சலவைக்கூடம். அழுக்குத் துணிகள் மலைபோலக் குவிந்து கிடக்க, வேலைக்காரர் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள். புதிதாகப் பொறுப்பேற்ற ஒரு பெண் ஒருநாள் காலை எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு, சுவரில் வெண்கட்டியால் இரண்டு கோடுகள் கீறுகிறாள். மூன்று கட்டங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வண்ணத் தாள். கையில் உள்ளது முடியாமல் அடுத்ததைத் தொடக்கூடாது. எங்கே தாள்கள் கூடி நிற்கின்றனவோ அங்கேதான் தவறு என்கிறாள்.

அதற்குப் பிறகு அந்தச் சலவைக்கூடத்தில் நடந்தவை எனக்கு இன்றும் கனவில் வருவதுண்டு. நீராவிக்குள்ளே தாள்கள் ஒவ்வொன்றாக வலப்பக்கம் நகர்ந்தன. வெள்ளை விரிப்புகள் பாய்மரம்போல எழும்பி, மடிந்து, அடுக்காகி மிதந்து போயின. மாமா நித்திரையாகிவிட்டார். எந்தப் படத்திலும் முதற் பாட்டுக்கே தூங்கிவிடும் அம்மாவோ கண்ணை எடுக்கவில்லை. படம் முடிந்ததும், மாமாவை எழுப்பி, அந்தச் சுவர் வரும் இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது முறை அதை நிறுத்திவைத்து, அளவுக் கொப்பியின் பின்பக்கத்தில் பென்சிலால் பார்த்து எழுதினார்.

மறுநாள் எங்கள் முன்னறைச் சுவரிலும் மூன்று கட்டங்கள் வந்தன. செய்ய வேண்டியது, கையில் உள்ளது, முடிந்தது. நடுக்கட்டத்தை அம்மா மேலும் மூன்றாகப் பிரித்து வெட்டு, தையல், தெறி என்று எழுதினார். பட்டம் கட்டும் மெல்லிய தாளை வாங்கி, பெண்பிள்ளைகளின் சட்டைக்கு ரோஸ், பெடியளின் சட்டைக்கு மஞ்சள் என்று சிறு துண்டுகளாக வெட்டினோம். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர். தாளை நகர்த்தும் உத்தியோகம் எனக்கு. பள்ளி விடுமுறையில் இதைவிடப் பெரிய பதவி ஊரில் யாருக்கும் கிடைக்கவில்லை என்று நான் நம்பினேன்.

நாட்கள் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல மெதுவாகவும் ஒழுங்காகவும் போயின. மின்விசிறி சுழலும்போது சுவர் முழுவதும் ரோசும் மஞ்சளுமாகச் சிலிர்க்கும். யன்னலில் மழை வெளிச்சம். மெசின் சத்தமும் ஓட்டில் விழும் மழைச் சத்தமும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருக்கும். நின்றபடியே சோறு தின்னும் அம்மா முதல்முறையாக இருந்து சாப்பிட்டார். அக்காமார் மத்தியானத்தில் பாட்டுக் கேட்டார்கள்.

ஆனால் தாள்கள் ஓரிடத்தில் நின்றன. வெட்டு முடிந்தது தையலுக்குப் போகும், தையல் முடிந்தது தெறிக்குப் போகும், அங்கே போனது வெளியே வராது. ஒரு வாரத்தில் பெரியம்மாவின் கட்டம் முழுவதும் நிரம்பி, தாளுக்கு மேல் தாள் குத்த வேண்டியதாயிற்று. படத்தில் அந்தப் பெண் சொன்னது எனக்குத் தலைகீழ்ப் பாடம். தேத்தண்ணி நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது, சுவரைக் காட்டிச் சொன்னேன்.

"பெரியம்மாட்டைத்தான் எல்லாம் நிக்குது. அவதான் பிழை."

அக்காமார் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னை உள்ளே போகச் சொன்னார். பெரியம்மா மட்டும் சுவரைத் திரும்பிப் பார்த்து, "ஓம், பிள்ளை சொல்லுறது சரிதான்" என்றார். அவருடைய குரலில் கோபம் இல்லை. அதனால் எனக்கு வெற்றிதான் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அம்மா வேலையை மாற்றினார். தெறியையும் தெறித்துளையையும் அக்காமாருக்குப் பிரித்துக் கொடுத்தார். அவர்கள் துளையை மெசினிலேயே போட்டுவிடுவார்கள். பெரியம்மாவுக்கு மடித்துப் பையில் போடும் வேலை. இரண்டு மணிக்கே முடிந்துவிடும், மழைக்கு முந்தி வீட்டுக்குப் போகலாம் என்று அம்மா சொன்னபோது அதை ஒரு உபகாரமாகவே சொன்னார். பெரியம்மா இரண்டு நாள் இரண்டு மணிப் பஸ்ஸில் போனார். மூன்றாம் நாள் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று தொலைபேசியில் சொன்னாராம்.

முடிந்தது என்ற கட்டம் பூத்துக் குலுங்கியது. நான் நின்று நின்று பார்த்தேன்.

நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்குச் சில நாட்கள் முன்பு ஒரு தாய் தன் மகளோடு வந்தார். போன வருடம் பழைய சட்டையோடு போன அதே பிள்ளை. அம்மா பெருமையோடு பையை எடுத்துக் கொடுத்தார். பிள்ளை போட்டுப் பார்த்தாள். சட்டையின் ஒரு கை மற்றதைவிட இரண்டு விரல் நீளம். கையைத் தூக்கியபோது கக்கத்தில் தையல் விட்டது. அம்மா நாளைக்குத் தருகிறேன் என்று கெஞ்சி அனுப்பிவிட்டு, மடித்து வைத்த சட்டைகளை ஒவ்வொன்றாகப் புறம்மாற்றிப் பார்த்தார். பத்தில் நான்கில் ஏதோ ஒரு குறை இருந்தது. அக்காமாரில் ஒருவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். எத்தனையோ வருடமாகப் பெரியம்மா தெறி தைக்க முன்பு ஒவ்வொரு சட்டையையும் புறம்மாற்றிப் பார்ப்பாராம். பிழையாக இருந்தால் பிரித்து, கையாலேயே திரும்பத் தைத்துவிடுவாராம். தங்களைக் குறைசொல்ல விரும்பாமல் அம்மாவுக்கும் சொல்லவில்லையாம். அந்த வேலைக்கு நாங்கள் தாளே வெட்டவில்லை.

அன்று பின்னேரமே அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கொழும்புத்துறைக்குப் பஸ் ஏறினார். மழை விட்டிருந்தது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்ததால், கரையில் நின்ற வள்ளங்கள் வெறும் வெளியில் தொங்குவதுபோலத் தெரிந்தன. பெரியம்மாவுக்குக் காய்ச்சல் எதுவும் இருக்கவில்லை. அவர் மேசையில் இருந்து பழுது ஒன்றும் இல்லாத தன்னுடைய சட்டை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பிரித்துத் திரும்பத் தைத்த இரண்டு சட்டைகள் பக்கத்தில் மடித்துக் கிடந்தன. பெரியப்பா இறந்து இரண்டு வருடம். மகன் கனடாவில். வீட்டில் மணிக்கூட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார்.

"அக்கா, நீங்கள் செய்த வேலை எனக்குத் தெரியாமப் போச்சு. நாளைக்கு வாங்கோ. உங்கட வேலைக்கும் நான் ஒரு தாள் வெட்டுறன்."

"வாறன்." பெரியம்மா நூலைக் கத்தரித்தார். "ஆனா கெதியா முடிக்கச் சொல்லாதை. முடிஞ்சா நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வரவேணுமெல்லே."

அம்மா அவருடைய தோளில் கையை வைத்தார். எனக்கு அந்தப் பேச்சு பிடிபடவில்லை. படத்தில் எல்லோரும் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகத்தானே அவ்வளவு பாடுபட்டார்கள்.

பெரியம்மா வந்தார். குறையிருந்த சட்டைகள் எல்லாம் பிரித்துத் தைக்கப்பட்டன. அந்தப் பிள்ளையின் சட்டையை அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்தார். பள்ளிக்கூடம் தொடங்கிய நாளில் எந்தப் பிள்ளையும் பழைய சட்டையோடு போகவில்லை. நடுக்கட்டத்தில் ஒரு நீலத் தாள் புதிதாக வந்தது. அதில் பிள்ளையின் பெயர் இல்லை. "பார்த்தல்" என்று மட்டும் அம்மா எழுதியிருந்தார்.

தை மாதம் பிறந்து, துணிகள் எல்லாம் போய், சுவர் வெறுமையான பிறகும் பெரியம்மா காலையில் வந்து ஐந்து மணிக்குத்தான் போனார். அம்மா அவருக்கு எங்கிருந்தோ பழைய தலையணை உறைகளும் திரைச்சீலைகளும் பிரித்துத் தைக்க எடுத்துக் கொடுப்பார். நான் பள்ளியால் வந்ததும் சுவரைப் பார்ப்பேன். வேலை ஒன்றும் இல்லாமலே நீலத் தாள் நடுக்கட்டத்தில் நிற்கும். அம்மா நகர்த்த மறந்துவிட்டார் என்று நினைத்து, ஒவ்வொரு பின்னேரமும் அதைக் கழற்றி முடிந்தது கட்டத்தில் குத்திவைப்பேன். அடுத்த நாள் பார்த்தால் அம்மா அதைத் திரும்பப் பழைய இடத்திலேயே குத்தியிருப்பார். அம்மாவின் ஞாபகமறதியை யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் நானே சரிசெய்கிறேன் என்று எனக்குள் பெரிய பெருமை. பல நாட்கள் அப்படியே செய்துகொண்டிருந்தேன்.