மூன்றாவது அழைப்பு

கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது என் வீட்டுக்காரருக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில். பேய் இருட்டில்தான் வரும் என்று சொன்ன புண்ணியவான் துறைமுகத்தில் ஒரு நாளும் வேலை பார்த்திருக்க மாட்டார்.

கப்பலில் வரும் வெளிநாட்டு மரத்தில் பூச்சி இருக்கிறதா என்று சோதிப்பது அவர் வேலை. ஸ்டெதாஸ்கோப்பைக் கட்டையின் மேல் வைத்துக் கேட்பார். உள்ளே புழு இருந்தால் 'கரக்... கரக்...' என்று அரிக்கும். அது வண்டாகிப் பறந்துவிட்டால் நம் ஊரில் ஒரு மரம் மிஞ்சாது. அதனால் மர அடுக்கைத் தார்ப்பாயால் மூடி, ஓரமெல்லாம் மணல் பை அடுக்கி, உள்ளே விஷ வாயு விடுவார்கள். இருபத்துநான்கு மணி நேரத்தில் புழுவெல்லாம் செத்துவிடும். மனிதன் மாட்டிக்கொண்டாலும் அதே கதிதான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வாயு விடுமுன் தார்ப்பாய் ஓரத்தைத் தூக்கி, "உள்ள யாரு?" என்று மூன்று தடவை கத்த வேண்டும். கட்டைகளின் சந்தில் நிழல் தேடி யாராவது தூங்கிப் போயிருக்கலாம் அல்லவா?

அன்று சிலிண்டர் என் தம்பியின் பொறுப்பு. இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், பசி வந்தால் மட்டும் கைக்குழந்தை. இவர் இரண்டு தடவை கூப்பிட்டார்.

"போதும் அத்தான். உள்ள இருக்கறது புழு. அது பதில் சொல்லாது" என்றான் தம்பி.

இவரும் சிரித்துக்கொண்டே தார்ப்பாயைக் கீழே விட்டுவிட்டார். இத்தனை வருட அனுபவம் இருந்து என்ன, புத்தி எங்கே போனதோ. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரியாக 1:10க்குத் தம்பி சிலிண்டரைத் திறந்தான். சாப்பாடு வாங்கி வருவதாகச் சொன்னான். இவர் வாயு அளவு காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

1:22. வாயு கசிகிறதா என்று அடுக்கைச் சுற்றி வந்தார். உள்ளே சத்தம். டக். டக். கட்டை சூட்டில் வெடிக்கிறது என்று நினைத்தார். கொஞ்சம் இடைவெளி... மறுபடி டக். டக். ஒவ்வொரு முறையும் இரண்டே இரண்டு. புழு எண்ணி அரிக்காது.

தார்ப்பாயின் மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை அழுத்திக் கேட்டார். அரிக்கும் சத்தம் இல்லை. மூச்சுச் சத்தம்.

1:25.

"அத்தான்..."

என் தம்பியின் குரல். அவன் வெளியே போனதைப் பார்த்தாரா? இல்லையே. சொன்னதைத்தானே கேட்டார்?

"இருக்கேன் அத்தான்... திறங்க..."

முகமூடி வண்டியில் கிடந்தது. எடுத்து வருவதற்குள் அவன் செத்துவிடுவான். என் முகத்தில் எப்படி விழிப்பது என்று மட்டும்தான் அப்போது நினைத்தாராம். மண்டியிட்டு முதல் பையை நகர்த்தினார்.

இரண்டாவது பை தானாக நகர்ந்தது... உள்ளிருந்து.

தார்ப்பாய்க்கு அடியில் நான்கு விரல்கள். இவர் மணிக்கட்டைப் பிடித்தன. இழுத்தன.

குரல் இப்போது கெஞ்சவில்லை.

"மூணாவது தடவ ஏன் கூப்பிடல?"

1:27.

பின்னாலிருந்து யாரோ இவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். மல்லாந்து விழுந்தார்.

நிமிர்ந்து பார்த்தால்... என் தம்பி. கையில் சாப்பாட்டுப் பொட்டலம்.

மறுநாள் காற்றோட்டம் விட்டுப் பிரித்தார்கள். செத்த புழுக்கள் மட்டுமே இருந்தன. உயிருள்ளது எதுவும் இல்லை என்று இவர் கையெழுத்துப் போட்டார். உயிர் இல்லாததைக் குறிக்கப் படிவத்தில் இடம் கிடையாது. இவர் மணிக்கட்டில் நான்கு நீலத் தழும்பு. இன்றைக்கும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

ஒரு மாதம் கழித்து, அந்த மரத்தைக் கொண்டுவந்த அதே கப்பல் மறுபடி வந்தது. அதன் சமையல்காரரிடம் இவர் பேச்சுக் கொடுத்தார். மரம் ஏற்றிய துறைமுகத்திலும் அந்த அடுக்குக்கு வாயு விட்டார்களாம். கட்டைச் சந்தில் தூங்கிய ஒரு தொழிலாளி அதில் செத்துப்போனான். வெளியே நின்று கூப்பிட்டவர் அவனுடைய அக்கா புருஷன்.

அவரும் இரண்டு தடவைதான் கூப்பிட்டாராம்.