லாரி வரிசையில் நின்ற கேரவன்

மாமா மேல் வந்த கோபம் இத்தனை வருஷமாகியும் எனக்கு முழுசாக ஆறவில்லை. அவர் செய்த வேலை அப்படி. ஒன்பது வயதுப் பெண்ணிடம் மகாபலிபுரம் என்று ஆசை காட்டிவிட்டு, வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இரண்டு நாள் வண்டியைப் போட்டு வைத்தவரை யார் மன்னிப்பார்கள்?

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பத்து வருஷம் டிரெய்லர் ஓட்டிவிட்டு, சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும் கேரவனுக்கு டிரைவராகப் போயிருந்தார். உள்ளே சோபா, மேலும் கீழுமாகக் கட்டில், சின்ன அடுப்பு, சுடுதண்ணீர் வரும் குளியலறை, சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி எல்லாம் இருந்தன. ஒரு சனி ஞாயிறு படப்பிடிப்பு இல்லை என்றதும் முதலாளியைக் கெஞ்சி வண்டியைக் கேட்டு வாங்கிவிட்டார். திருவொற்றியூரில் கிளம்பி, கடலை ஒட்டியே ராயபுரம், மெரினா, கிழக்குக் கடற்கரைச் சாலை, மகாபலிபுரம். வண்டியிலேயே தூங்கிவிட்டுக் காலையில் கதவைத் திறந்தால் எதிரே கடல். நான் வகுப்பில் ஒருத்தி விடாமல் சொல்லியாகிவிட்டது. எல்லாருக்கும் சோழி மாலை வாங்கி வருவதாக வாக்கும் கொடுத்திருந்தேன்.

நைனாவும் வருவதாக இருந்தது. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவரும் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர்தான். துறைமுகத்தில் பெட்டியை இறக்கிவிட்டு வெள்ளிக்கிழமை வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருக்குப் பதில் போன்தான் வந்தது. கடலோர எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் நுழைய நிற்கும் லாரி வரிசை அசையவே இல்லையாம். பொங்கலுக்கும் இதே கதை, என் பிறந்தநாளுக்கும் இதே கதை. அம்மா போனை வைத்துவிட்டு, பையில் எடுத்து வைத்திருந்த நைனாவின் சட்டையை வெளியே எடுத்து வைத்தாள். பயணமே நின்றுவிடுமோ என்று எனக்கு வேறு பயம்.

"நைனா வரலன்னா இன்னாம்மா, நாம போய்ட்டு வந்துடலாம்" என்றேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போய் மாமாவோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை எங்கள் தெருவே திரண்டு வந்து வழியனுப்பியது. ராயபுரம் பக்கம் போக இரண்டு வழி உண்டு. ஊருக்குள் போகும் ஹைரோடு ஒன்று, கடலோரச் சாலை ஒன்று. மாமா கடலோரச் சாலையில் திருப்பினார். இடது பக்கம் அலைக்குப் போட்ட பாறைகள், அதை ஒட்டிக் கண்ணுக்கெட்டிய வரை கண்டெய்னர் லாரிகள், அவற்றுக்கு வலப் பக்கம் மற்ற வண்டிகள் போக வழி. அந்த வழியில் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தோம். ஓரிடத்தில் லாரி வரிசையில் கொஞ்சம் இடைவெளி தெரிந்தது. மாமா இண்டிகேட்டர் போட்டார், நிதானமாக ஸ்டியரிங்கை ஒடித்தார், கேரவனை அதற்குள் கொண்டுபோய்ச் சொருகி இஞ்ஜினை அணைத்தார்.

"இன்னா மாமா, லாரி லைன்ல வந்து நிக்கிற?" என்று அலறினேன்.

"பழக்க தோஷம் பாப்பா. பத்து வருசமா இந்த லைன்ல நின்ன கை. அதுபாட்டுக்குத் திரும்பிச்சி."

"வெளிய எடு மாமா!"

"எங்க எடுக்கறது? முன்னாலயும் டிரெய்லரு, பின்னாலயும் டிரெய்லரு. இந்தாண்ட பாறை, அந்தாண்ட வண்டி போய்கினே கீது. லைன் நவுரட்டும், எடுத்துடலாம்."

நான் பதில் சொல்வதற்குள் முன்னால் நின்ற டிரெய்லரின் கதவு திறந்தது. தோளில் துண்டோடு இறங்கி வந்தவர் நைனா. இரண்டு நாள் தாடி, சட்டையெல்லாம் கரி. அம்மா சிரித்துக்கொண்டே கீழே இறங்கினாள். மகாபலிபுரம் கைவிட்டுப் போன நேரத்தில் இவளுக்கு என்ன சிரிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பயணத்தை மறித்து நிற்பது நைனாவின் வண்டி. குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"எல்லாம் உன்னாலதான்" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மேல் கட்டிலில் ஏறிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நைனா அந்தக் குளியலறையில் அரை மணி நேரம் சுடுதண்ணீரில் குளித்தார். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் வேறு. வெளியே வந்து, நடிகைகள் முகம் பார்க்கும் கண்ணாடியில் தலைசீவிப் பவுடர் போட்டுக்கொண்டார். அம்மா கூடையில் மீன் விற்று வந்தவளிடம் சங்கரா வாங்கிக் குழம்பு வைத்தாள். மாமாவின் நிலைமைதான் பரிதாபம். அந்த வரிசையில் பத்தடி நகராமல் விட்டால் வேறு லாரி புகுந்துவிடும். அதனால் வரிசை அசைந்தபோதெல்லாம் ஓடிப்போய் நைனாவின் டிரெய்லரைப் பத்தடி நகர்த்தி, குதித்து ஓடிவந்து கேரவனைப் பத்தடி நகர்த்தினார். வேண்டும், நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னா கண்ணு, நைனாவோட டூவா?" என்று கட்டில் விளிம்பில் கை வைத்துக் கேட்டார் நைனா. கையில் பொரி உருண்டை இருந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"வுடு, பசிச்சா தானா எறங்கும்" என்றாள் அம்மா.

சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் பாறைமேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற கடல், டீசல் நாற்றம் வேறு. அதை ஏதோ இன்றைக்குத்தான் கண்டுபிடித்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிட மட்டும் இறங்கி, சாப்பிட்டுவிட்டு மறுபடியும் ஏறிப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரிசை திடீரென்று கலகலத்தது. நைனா பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு ஓடினார். போகும்போது இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

"கை காட்டுடி" என்றாள் அம்மா. காட்டவில்லை.

அவர் வண்டி போனதுதான் தாமதம், மாமா ஒரே ஒடிப்பில் கேரவனை வரிசையிலிருந்து வெளியே எடுத்துவிட்டார். கால் மணி நேரத்தில் வீட்டில் இருந்தோம். மறுநாள் வகுப்பில் ஒருத்தி, "உங்க கேரவன் லாரி லைன்ல நின்னுகினு இருந்துச்சாமே, எங்க அண்ணன் பாத்துச்சி" என்றாள். வகுப்பே சிரித்தது. மாமாவோடு மூன்று மாதம் பேசவில்லை.

இப்போது வேலைக்கு அதே சாலையில்தான் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். லாரிகள் நிற்கும் நாட்களில் பார்த்திருக்கிறேன், முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைய முடியாது. ஒரு கேரவன் நுழையும் அளவுக்கு, அதுவும் சரியாக நைனாவின் வண்டிக்குப் பின்னால், எவனாவது சும்மா இடம் விடுவானா? பின்னால் இருந்த டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லையே. இது மண்டையில் உறைக்க எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது. நேரே போய் அம்மாவிடம் கேட்டேன்.

"மகாபலிபுரத்துல இன்னாடி கீது? வெறும் கல்லு" என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாமாவைப் பிடித்து, "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?" என்று சண்டைக்குப் போனேன்.

"சொல்லிருந்தா நீ வண்டியிலயே ஏறிருக்க மாட்ட பாப்பா" என்றார்.

அது உண்மை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கட்டிய புருஷனைப் பார்க்க ஒருத்தி லாரி வரிசையில் போய் நிற்க வேண்டியிருந்ததே என்று அந்தச் சாலையையும் மனசாரத் திட்டித் தீர்த்துவிட்டேன். திட்டி என்ன? அந்த வருஷம் நைனா சேர்ந்தாற்போல் இரண்டு நாள் எங்களோடு இருந்தது அந்த ஒரு தடவைதான். அது அங்கே என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த இரண்டு நாளும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.