இரண்டரை ஏக்கருக்கு ஒரு வேலை

முனவ்வறா முதன்முதலில் கையெழுத்து வைத்தது தன் கலியாணப் பதிவில் அல்ல. அங்கே அவளுக்காக வாப்பா முகைதீன்பாவாதான் ஒப்பமிட்டார். அவள் கையெழுத்து வைத்தது காணி உறுதிப் பத்திரத்தில். சாய்ந்தமருதில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை உடுத்த சாரனோடு வந்து பெண்ணின் வீட்டில் குடியேறுவான். மாவடிப்பள்ளி வயல் வட்டையில் இரண்டரை ஏக்கரைச் சீதனமாக எழுதிய நொத்தாரிசு, "ஏற்றுக்கொண்டேன் எண்டு இதில வை மகள்" என்று இடத்தைக் காட்டினார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.

அதற்குப் பிறகு பதினாறு வருடம் அந்த வயலின் வெள்ளாமையில்தான் அந்த வீட்டில் சோறு வெந்தது. புருஷன் ஜவுபர் விதைத்தான், அவள் புல் பிடுங்கினாள். மூத்த மகள் சுபைறாவுக்கு அந்த வயல் என்று அவள் பிறந்த அன்றே பேசி முடித்தாயிற்று.

எழுபத்தொன்பதில் அந்த வட்டையில் ஒரு பகுதியை ஓட்டுத் தொழிற்சாலைக்கென்று அரசாங்கத்தார் எடுத்தார்கள். ஓடு செய்வதற்கு அங்குள்ள களிமண்தான் தோதாம். பள்ளிவாசல் முற்றத்தில் கூட்டம் வைத்து, காணி கொடுக்கும் குடும்பம் ஒவ்வொன்றிலும் காணிச் சொந்தக்காரருக்கு ஒரு நிரந்தர வேலை என்றார்கள். ஆண்கள் தலையாட்டினார்கள். காணி அநேகமாகப் பெண்கள் பெயரில். கூட்டத்தில் ஒரு பெண்கூட இல்லை. காணி கொடுத்த நாற்பத்தொரு வீட்டு ஆண்களில் அநேகர் பெண்சாதியின் வயலை "என்ட வயல்" என்று சொல்லிச் சொல்லி அதையே நம்பிப் போனவர்கள். அந்த முற்றத்திலும் அப்படியே நம்பினார்கள்.

ஆலையில் ஆள் எடுத்த அன்று ஜவுபர் விடியவே போனான். பகல் சாப்பாட்டுக்கு முன்பே திரும்பிவிட்டான்.

"என்ன சொன்னாங்க?"

"நான் காணிக்காரன் இல்லையாம் புள்ள. செய்கைக்காரனாம். உறுதியில பேர் இருக்கிற ஆளுக்குத்தானாம் வேலை."

"அப்ப எனக்குத் தரட்டும்."

ஜவுபர் சிரித்தான். "ஓம், நீ போய் மண் குழை. நான் இருந்து சோறாக்குறன்."

"ஆக்குங்களன். உப்பை மட்டும் பார்த்துப் போடுங்க."

மறுநாள் உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆமினா உம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவள் ஆலைக்குப் போனாள். மனேஜருக்குச் சிங்களம்தான், தமிழ் தெரியாது. ஊர்ப் பையனான அபுல் ஹஸன் அங்கே கிளாக்கர். அவன்தான் இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னான்.

"ராத்தா, பொம்புளையளுக்கு இங்க வேலை இல்லையாம்."

"பொம்புளையளுட காணிய எடுக்கக்குள்ள அது தெரியாமப் போச்சாமா? கேளு."

அவன் கேட்கவில்லை. ஆமினா உம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஒன்ட உம்மாட ஊட்டுலதானேடா ஒன்ட வாப்பா இன்னும் இருக்கார்? அதையும் ஒன்ட மனேஜர் மாத்தயாவுக்குச் சொல்லு."

அப்படியென்றால் உறுதியைப் புருஷன் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்று இறங்கி வந்தாள் முனவ்வறா. அவளுடைய தாய்வழிக் குடியில் எந்தப் பெண்ணும் செய்யாத காரியம். மனேஜர் ஒரு தாளைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். காணி எடுத்த திகதிக்குப் பிறகு பெயர் மாற்றினால் செல்லாதாம். சொந்தக்காரி பெண், அவளுக்கு வேலை இல்லை. வேலை செய்யக்கூடியவன் சொந்தக்காரன் இல்லை, அவனுக்கும் இல்லை. நாற்பத்தொரு குடும்பத்தில், உறுதியில் ஆண் பெயர் இருந்த ஆறு பேருக்குத்தான் வேலை கிடைத்தது. மற்ற இடங்களுக்கு எங்கிருந்தோ லொறியில் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் தங்க வரிசையாக அறைகள் கட்டினார்கள். அந்த வருட அறிக்கையில் "உள்ளூர் மக்கள் தொழிலுக்கு முன்வரவில்லை" என்று எழுதினார்கள். முன்வராமல்தான் அவள் பொலித்தீன் பையோடு கேற்றடியில் நின்றாளா? எழுதிய கை கூசவில்லை.

எண்பத்திரண்டு சித்திரையில் வெளியாட்கள் எல்லாம் புத்தாண்டுக்கு ஊர் போய்விட்டார்கள். சூளையில் நெருப்பு வைத்தாயிற்று. இடையில் விட்டால் உள்ளேயிருக்கும் ஓடு முழுக்க வீண். அப்போது மட்டும் மனேஜருக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். ஜீப் ஊருக்குள் வந்தது. முனவ்வறாவும் இன்னும் பத்துப் பேரும் போனார்கள்.

மண் குழைக்கும் தொட்டியில் கையை விட்ட முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளை நத்தை ஓடு கலந்த கருமண். அவள் வயலில், வாய்க்கால் ஓரத்து மூலைக் கண்டத்தில்தான் அப்படி மண் இருந்தது. பதினொரு நாள் அந்த மண்ணைக் குழைத்தாள், ஓட்டைக் காய வைத்தாள், சூளைக்குச் சுமந்தாள். உடைந்த ஓடு முன்பைவிடப் பாதிதான் என்று மனேஜரே வந்து புகழ்ந்தார்.

"அப்ப வேலையத் தரச் சொல்லு."

அபுல் ஹஸன் தலையைக் குனிந்துகொண்டான். "சும்மா இரிங்க ராத்தா. வெளியாக்கள் நாளைக்கு வந்திருவாங்க. இதில ஒப்பம் வெச்சிட்டுச் சம்பளத்த எடுங்க."

அவன் புத்தகத்தைத் திருப்பி வைத்தான். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "ஜவுபரின் மனைவி" என்றிருந்தது. அதற்குக் கீழே காலிதீனின் மனைவி. அதற்கும் கீழே அப்படியே, பதினொன்றும்.

முனவ்வறா பேனையை வாங்கி அந்த வரியைக் குறுக்கே வெட்டினாள். மேலே, ஒவ்வோர் எழுத்தாக, "முகைதீன்பாவா முனவ்வறா" என்று எழுதினாள்.

"புத்தகம் பழுதாப் போச்சே ராத்தா!"

"என்ட வயலும்தான் பழுதாப் போச்சு. அதுக்கு நீ ஒரு நாளாவது சத்தம் போட்டியா?"

பட்டியலில் உள்ள பெயரும் கையெழுத்தும் ஒத்துவரவில்லை என்று அவளுடைய சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். அவள் திரும்பிக் கேட்கப் போகவுமில்லை.

அடுத்த சித்திரையில் ஜீப் மறுபடி வந்தது. அபுல் ஹஸன் வேலிக் கடப்படியில் நின்று பட்டியலை வாசித்தான். "ஜவுபரின் மனைவி."

ஆமினா உம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "ஆரைத் தேடுறாய் மனே? அப்பிடி ஒருத்தி இந்தத் தெருவில இல்லையே!"

முனவ்வறா வெளியே வந்தாள். "நான் முகைதீன்பாவாட மகள் முனவ்வறா. நிரந்தர வேலைக்கு அந்தப் பேரில கடிதம் கொண்டா. இப்பயே வாறன்."

மற்றப் பத்துப் பேரும் அதையேதான் சொன்னார்கள். ஜீப் வெறுமையாகத் திரும்பிப் போனது. அந்த முறை சூளை அணைந்தது. பாதி வெந்த ஓடுகளைக் கொண்டுபோய், அவள் வயல் இருந்த பள்ளத்தில் கொட்டினார்கள். உள்ளூரில் ஆள் பிடிக்க முடியவில்லை என்று அந்த வருடமும் எழுதினார்கள். கடிதம் வரவில்லை.

சுபைறாவுக்குப் பதினெட்டு முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பிளேன்டீ குடித்தார்கள். வயல் இல்லை என்றால் கல்வீடாவது வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முனவ்வறா குவைத்துக்குப் போனாள், இன்னொருத்தி வீட்டில் பாத்திரம் கழுவ. இரண்டு வருடத்தில் வீட்டுச் சுவர் கூரை மட்டத்துக்கு எழும்பியது. மூன்றாவது வருடம், எண்பத்தேழில், அவள் அங்கேயே மவுத்தானாள். காய்ச்சல் என்றார்கள். அங்கேயே அடக்கிவிட்டார்கள். கடவுச்சீட்டு மட்டும் தபாலில் வந்தது.

ஜவுபர் அதைத் திறந்து பார்த்தான். பெயர் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. தொழில் என்ற இடத்தில் "வீட்டுப் பணிப்பெண்" என்று அடித்திருந்தார்கள்.

"இந்தா, வேலை தந்திருக்காங்க உம்மாக்கு" என்று மகளிடம் நீட்டினான். பிறகு அதைத் திரும்ப வாங்கி, உறுதி இருந்த அதே பொலித்தீன் பைக்குள் வைத்தான்.

சுவருக்கு மேலே இன்னும் கூரை போடவில்லை. ஓடு வாங்கச் சொல்லி அவனிடம் யாரும் கதைக்கத் துணியவில்லை.