ஐந்து மணிச் சங்கும் செல்வியின் மாத்திரையும்

போன வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சூளகிரி தாண்டியதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கைப்பேசி கிணுகிணுத்தது. ஆறேழு மாத வயிறு. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன், அலாரமாம். அதை அணைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ஒரு நிமிஷ வேலை. ஆனால் அட்டை பிரிந்தபோது வந்த வாசனை இறங்கும்வரை என்னை விடவில்லை. மழையில் நனைந்த ஜன்னல் கம்பியை முகர்ந்தால் வருமே, அந்த வாசனை.

அது என் பழைய தோள்பையின் வாசனை. இருபத்து மூன்று வயதில் சுகாதார செவிலியராக ஓசூர்ப் பக்கம் வேலைக்கு வந்தேன். பை நிறைய இரும்புச் சத்து மாத்திரைதான். வெயிலிலும் வியர்வையிலும் அட்டைகள் பிரிந்து பையே துருப்பிடித்தது போல நாறும். சனிக்கிழமை ஊத்தங்கரைக்குப் போனால் அம்மா அதை வீட்டுக்குள் விடமாட்டாள். கொல்லைக் கொடியில்தான் தொங்கும்.

எனக்குக் கொடுத்த பகுதியில் ஒரு லைன் வீடு இருந்தது. ஒரே ஓட்டுக்குக் கீழே பன்னிரண்டு வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். ஆண்கள் எல்லாம் கம்பெனி வேலைக்காரர்கள். மதுரை, தேனி, கோவில்பட்டி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். வீட்டுக்காரம்மா முனிரத்னம்மாவுக்குத் தெலுங்கு வீடு. வாடகை விஷயம் தமிழிலும் கோபம் தெலுங்கிலும் வரும். குழாயடியில் நின்றால் நாலு ஜில்லாப் பேச்சும் கேட்கும். தெக்கத்திப் பெண்கள் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் பதிலுக்குச் சிரித்துவைப்பேன், வேறென்ன செய்ய.

மாத்திரையைக் கொடுப்பது சுலபம், விழுங்க வைப்பதுதான் பெரும்பாடு. குமட்டுகிறது என்பாள் ஒருத்தி. பிள்ளை கறுப்பாகப் பிறக்குமாமே என்பாள் இன்னொருத்தி. பிள்ளை கறுக்காது, வெளிக்குப் போவதுதான் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று நான் விளக்குவேன். கல்யாணமாகாத பெண், குழாயடியில் நின்றுகொண்டு, அதையும் கையை ஆட்டி ஆட்டி. இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

எல்லாரும் சொன்ன சாக்கு ஒன்றுதான். "மறந்துட்டேன் சிஸ்டர்." அதற்குத்தான் நான் ஒரு யோசனை கண்டுபிடித்தேன். அந்தக் காலத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெனரல் ஷிப்ட் விடும்போது கம்பெனியில் சங்கு ஊதுவார்கள். தூங்குகிற பிள்ளைகூட எழுந்துவிடும். "சங்கு ஊதினதும் மாத்திரை. கடிகாரம் வேணாம், ஞாபகம் வேணாம்" என்றேன். காலியான அட்டைகளை நூலில் கோத்து ஆணியில் மாட்டிவைக்கவும் சொன்னேன். இரண்டே வாரத்தில், கர்ப்பிணிகள் இருந்த நாலு வீட்டு ஆணிகளிலும் அட்டை மாலை தொங்கியது. பெரிய டாக்டரம்மா பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நாலு பேரில் ஒருத்தி செல்வி. கடைசி வீடு, கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். முதல் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், அவள் பிழைத்ததே பெரிய காரியம். பிள்ளை தங்கவில்லை. இது இரண்டாவது. உடம்பில் ரத்தம் ஏறாமல் இந்தப் பிரசவத்துக்குப் போகக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனாலேயே அவளுக்கு மட்டும் நாளுக்கு இரண்டு மாத்திரை, அவள் அட்டைகள் மற்றவர்களைவிட வேகமாகக் காலியாகும். ஆனால் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமைப் பரிசோதனையிலும் ரத்த அளவு இருந்த இடத்திலேயே நின்றது. இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுப்பு.

ஏழாவது மாதமும் அப்படியே. டாக்டரம்மா என்னைப் பார்த்து, "மாத்திரை போடுறாளா இல்லையா, ஒழுங்கா பார்க்கறியா?" என்றார். அந்தச் சூட்டோடு நேராக லைன் வீட்டுக்குப் போனேன். குழாயடியில் எல்லாரும் இருந்தார்கள். செல்வி தன் அட்டை மாலையை எடுத்துவந்து காட்டினாள்.

"அட்டை காலியாத்தான் இருக்குது. மாத்திரை எங்க போச்சு, சாக்கடைக்கா?" என்றேன்.

"நீங்க சொன்ன மேனிக்குத்தான் முழுங்குதேன்க்கா."

"முழுங்கினா ரத்தம் ஏறாம எங்க போவும்? போன புள்ள போதாதா ஒனக்கு?"

கடைசியாகச் சொன்னேனே, அதைச் சொல்லியிருக்கக் கூடாது. குடம் வழிந்துகொண்டிருந்தது. செல்வி மாலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வரவில்லை.

அவளைத் தேடிப் போன அன்று வீட்டில் ஆளில்லை. காத்திருந்ததில் நாலு மணி பஸ்ஸை விட்டுவிட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அத்தனை மாதத்தில் நான் ஒருநாள்கூட ஐந்து மணிக்கு அங்கே இருந்ததில்லை. நாலு மணி ஆனால் என் கால் தானாகவே பஸ் நிறுத்தத்துக்குப் போய்விடும்.

சங்கு ஊதியது. பன்னிரண்டு வீட்டிலும் ஸ்டவ் பம்பு அடிக்கும் சத்தம். ஓசூர்க் குளிருக்கு, ஷிப்ட் முடிந்து வருகிற ஆளுக்கு முதலில் டீ வேண்டும். ஏலக்காயும் மண்ணெண்ணெயும் கலந்து வாசல் முழுக்க மணத்தது. எப்போது திரும்பி வந்தாளோ, செல்வி உட்பட நாலு கர்ப்பிணிகளும் அவரவர் வாசலுக்கு வந்தார்கள். ஒரு கையில் மாத்திரை, மறு கையில் கெட்டியான டீ. குமட்டலுக்குச் சூடாக டீ குடித்தால்தான் இறங்குமாம்.

முனிரத்னம்மா பெருமையாகச் சொன்னாள். "ஏமம்மா, பாத்தியா? நீ சொன்னமாரியே சங்கு ஊதினா போதும், எல்லாம் போட்டுக்கறாங்க."

டீயோடு விழுங்கினால் இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. அது எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஐந்து மணி என்றால் அந்த வீடுகளில் டீ நேரம் என்பதுதான் தெரியவில்லை. மற்ற மூன்று பேருக்கு ஏற்கனவே உடம்பில் கொஞ்சம் இருந்தது, தாங்கிக்கொண்டார்கள். செல்விக்குத் தாங்க ஒன்றும் இல்லை.

செல்வி என்னைப் பார்த்தாள். மாத்திரையைப் போட்டு, டீயைக் குடித்து, வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மறுநாள் போய் எல்லாரிடமும், "புது மாத்திரை வந்திருக்குது. இத ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் தண்ணியிலதான் போடணும், டீ கூடாது" என்று சொன்னேன். பழைய அட்டையேதான். கடைசி வீட்டில் செல்வி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அதே மாத்திரதானக்கா?"

"ஆமா செல்வி. டீதான் கெடுத்துடுச்சு. தப்பு என்னுதுதான்."

"அப்பம் நான் கொட்டலன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிட்டுல்லா."

"தெரிஞ்சுடுச்சு."

"அவங்ககிட்டயும் சொல்லிருங்கக்கா. கொழாயடிக்குப் போவ முடியல."

"சொல்றேன்" என்றேன்.

அதன் பிறகு ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று கேட்டபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதேன். ஆனால் குழாயடியில் நான் சொல்லவில்லை. நர்சே தப்புச் சொன்னாள் என்று தெரிந்தால் அப்புறம் ஒருத்தியும் மாத்திரையைத் தொடமாட்டாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். மீதி வெட்கம். புதிதாக யாராவது குடிவந்து முழுகாமல் இருந்தால் முனிரத்னம்மா என்னை வைத்துக்கொண்டே புத்தி சொல்வாள். "கடைசி வீட்டு செல்வி மாதிரி சாக்கடையில கொட்டாத. அப்பறம் நர்சம்மாகிட்ட திட்டு வாங்கித்தான் அவளுக்குப் புத்தி வந்துச்சு." நான் பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொள்வேன். பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் செல்வியின் வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, அவர்கள் போய்விட்டார்கள். கிளம்பும்போதும் அவள் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை.

இப்போது கம்பெனியில் சங்கு ஊதுவதில்லை. லைன் வீட்டை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள். முனிரத்னம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அன்று குழாயடியில் நின்ற பெண்கள் யார் எந்த ஊரில் இருக்கிறார்களோ, ஒருத்தியின் விலாசம்கூட என்னிடம் இல்லை. செல்வி ஒரு மாத்திரையைக்கூடக் கொட்டவில்லை என்று இனி நான் யாரிடம் போய்ச் சொல்வது? உங்களிடம்தான் சொல்கிறேன்.