பெயர் எழுதாத பலகை

எங்கள் பகுதிக் கோடை விழாவில் ஒவ்வொரு கடைக்கும் மேலே ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். எந்த நாட்டுச் சாப்பாடோ அந்த நாட்டின் பெயரை அதில் எழுத வேண்டும். ஜேர்மனியில், இந்த டோர்ட்மண்ட் நகரில் இருக்கிற தமிழரைப் போட்டு வாட்டுவதற்கென்றே யாரோ கண்டுபிடித்த ஏற்பாடு இது என்று நினைப்பேன். இலங்கை என்று எழுதினால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஈழம் என்று எழுதினால் மிச்சப் பேர் கிட்டவும் வரமாட்டார்கள். என் கணவர் முதல் வருடமே அதற்கு ஒரு வழி கண்டார். ‘சூடான வடை, ரோல்ஸ்’ என்று ஜேர்மன் மொழியில் எழுதித் தொங்கவிட்டார். இன்றைக்கும் அதே பலகைதான். வருகிறவர்கள் “இந்தியாவோ?” என்று கேட்டால், “யா, யா” என்று தலையாட்டிவிடுவார். வடை விற்றால் போதும், வம்பு எதற்கு என்பது அவருடைய கொள்கை.

அவர் யாழ்ப்பாணக் குடாநாட்டு வலிகாமத்துக்காரர். நான் தீவுப் பகுதி. எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும், மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் கிடக்கும் சின்னச் சின்னத் தீவுகளில் பிறந்தவர்களை, குடாநாட்டு ஆட்கள் ஒரு படி கீழே வைத்துத்தான் பேசுவார்கள். கலியாணமாகி இத்தனை வருடமாகியும், எனக்குக் கோபம் வந்தால் “தீவுக்காரி தொடங்கிட்டாள்” என்பார். பகிடிதான். ஆனாலும் அந்தப் பகிடி ஒரு பக்கமிருந்து மட்டும்தான் வரும்.

போன கோடையில் எங்களுக்குப் பக்கத்துக் கடை ஒரு தாய்வான் பெண்ணுக்குக் கிடைத்தது. எங்கள் தெருவிலேயே தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவள். பால் தேத்தண்ணிக்குள் கறுத்த உருண்டைகளைப் போட்டுத் தடித்த குழாயோடு தருவாள். எங்கள் சவ்வரிசியின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் அவளும் ஜேர்மன் மொழியில்தான் பேசுவோம். என் காதுக்கு மட்டும் அது யாழ்ப்பாணத் தமிழாகக் கேட்கும், அப்படியே எழுதுகிறேன்.

காலையில் வந்தபோதே அவள் தன் பலகையில் ‘தாய்வான்’ என்று நீல நிறத்தில் எழுதி முடித்திருந்தாள். அழகான எழுத்து. பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

“போற இடமெல்லாம் என்னைச் சீனா எண்டுதான் சொல்லுவினம், அக்கா. எத்தினை தரம் திருத்துறது? களைச்சுப்போய் விட்டிடுவன். இண்டைக்கு ஒரு நாள் என்ரை பேருக்குக் கீழை நிக்கப்போறன்.”

அடுப்பு மூட்டமுன்னமே விழாப் பொறுப்பாளர் வந்துவிட்டார். நல்ல மனுசி, அவளுடைய தேத்தண்ணிக் கடைக்கு அடிக்கடி வருகிறவர், ஒருவரையும் நோகடிக்கத் தெரியாதவர், அதுதான் அவரோடு வருகிற தொல்லையே. பின்னேரம் சீன நகரமொன்றிலிருந்து விருந்தினர் வருகிறார்களாம். தாய்வானும் தங்கள் நாடுதான் என்கிறவர்களுக்கு முன்னால் இப்படி ஒரு பலகை இருந்தால் சரிவராது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். ‘ஆசியா’ என்று மாற்றினால் என்ன? சும்மா ‘தேத்தண்ணி’ என்று போட்டால் என்ன? இல்லாவிட்டால் கடையை எடுக்க வேண்டி வரும், தனக்கே மனவருத்தம் என்று கையைப் பிசைந்தார்.

என் கணவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “அதுதான் சரி! எங்கடை பலகையைப் பாருங்கோ. ஒரு பிரச்சினை வந்ததே? பேரைப் போடாதேங்கோ, சாப்பாட்டைப் போடுங்கோ!” என்று எங்கள் பலகையை விளக்கம் போலத் தூக்கிக் காட்டினார்.

எனக்கு வந்த கொதியில் கையிலிருந்த அகப்பையால் போட்டிருப்பேன். “இஞ்சருங்கோ, வாயை மூடிக்கொண்டு மாவைக் குழையுங்கோ” என்றேன்.

அந்தப் பெண் கத்தவில்லை. கடையைத் தூக்கிக்கொண்டு போகவுமில்லை. தன் பலகையைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

“பிழையான பேர் எழுத என்னாலை ஏலாது. ஒண்டும் எழுதாமல் விட்டால் போதுமோ?”

பொறுப்பாளருக்குப் போன உயிர் வந்தது. தாராளமாக விடலாம் என்றார். அவள் பலகையைத் திருப்பி, வெறும் வெள்ளைப் பக்கம் முன்னுக்கு வரக் கட்டத் தொடங்கினாள். காற்று அதைப் பிடித்து இழுத்தது. அந்தப் பக்கத்துக் கடையில் கொழுக்கட்டை அவிக்கிற சீனத்து அம்மா வந்து ஒரு மூலையைப் பிடித்தார்.

“எனக்கு ரெண்டும் ஒரே நாடுதான், பிள்ளை. அதை நான் மாத்திச் சொல்லமாட்டன்.”

“தெரியும், அம்மா. இறுக்கிப் பிடியுங்கோ.”

பிடித்தார். கட்டி முடித்ததும் தன் கடைக்குப் போனார்.

பிறகு நடந்ததை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். பிரான்ஸ், துருக்கி, போலந்து என்று வரிசையாகப் பலகைகள் தொங்க, நடுவில் ஒன்று மட்டும் வெறுமையாகத் தொங்கினால் ஜேர்மன்காரர் சும்மா போவார்களா? வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். “எழுத மறந்திட்டியளோ? எந்த நாடு?” அவள் குவளையை இரண்டு கைகளாலும் நீட்டி, “தாய்வான்” என்பாள். குரலில் கோபம் இல்லை, முறைப்பாடு இல்லை. அடுத்தவர் கேட்பார். இரண்டு கை, அதே சிரிப்பு, “தாய்வான்.” நானென்றால் ஐந்தாவது ஆளிலேயே எரிந்து விழுந்திருப்பேன். அவள் சலிக்கவே இல்லை. வரிசை எங்கள் கடையையும் தாண்டிப் போனது.

“கெட்டிக்காரியப்பா” என்று என் கணவரே முணுமுணுத்தார்.

சீன விருந்தினரும் வந்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் வெறும் பலகையைப் பார்த்துவிட்டு அவளிடம் ஏதோ கேட்டார். அவருக்கும் இரண்டு கையால் கொடுத்து, அதே குரலில் அதே பெயரைச் சொன்னாள். அவர் அவளை ஒரு தரம் பார்த்தார், காசைக் கொடுத்தார், குடித்துக்கொண்டு நடந்தார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

விழா முடியப்போகும் நேரம் பொறுப்பாளரும் வரிசையில் வந்து நின்றார். நெஞ்சில் விழாப் பொறுப்பாளர் அட்டை. அவருக்குப் பின்னால் நின்ற கிழவி அதைப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார்.

“நீங்கள்தானே இதுக்குப் பொறுப்பு? ஏன் இந்தக் கடைக்கு மட்டும் பேர் இல்லை? இது எந்த நாடு?”

பொறுப்பாளர் பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் உதவிக்குப் போகவில்லை. குவளையைப் பிடித்தபடி காத்திருந்தாள். தாச்சியில் என் வடை கருகுவது எனக்குத் தெரிந்தது, கையை அசைக்க மனம் வரவில்லை.

காது வரை சிவந்துபோய், “தாய்வான்” என்றார் பொறுப்பாளர்.

“சத்தமாச் சொல்லுங்கோ, பிள்ளை” என்றார் கிழவி.

“தாய்வான்!”

அவள் குவளையை நீட்டினாள். கண் நிறைந்திருந்தது. “சீனி குறைவாப் போட்டிருக்கிறன். உங்களுக்கு அப்பிடித்தானே விருப்பம்” என்று மட்டும் சொன்னாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஊரைக் கூட்டிக் கத்தினாலும் கிடைக்காததை, ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்று வாங்கிவிட்டாளே!

அந்த நேரம் பார்த்து எங்கள் கடைக்கு ஒருவர் வந்து, வடையைக் காட்டி, “இந்தியாவோ?” என்றார். என் கணவர் “யா” என்று தொடங்கினார். நான் அவர் காலை மிதித்தேன்.

“புங்குடுதீவு” என்றேன்.

வந்தவர் விழித்தார். “அது ஒரு நாடோ?”

“இல்லை. ஒரு தீவு. நான் பிறந்த இடம்.”

தீவுக்காரி தொடங்கிட்டாள் என்று வரப்போகிறது என நினைத்துத் திரும்பினேன். என் கணவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு வாடிக்கையாளர் பக்கம் குனிந்து, “பு-ங்-கு-டு-தீ-வு” என்று மெல்ல மெல்லச் சொல்லிக் கொடுத்தார்.